திருத்தி எழுதிய நாள்

பருப்பை மைய அரைத்துவிட்டால் உருண்டை கல்லாகிவிடும், கொஞ்சம் கொரகொரப்பாக விட்டால்தான் குழம்பு உள்ளே இறங்கும் என்பது சௌந்தரத்துக்கு நினைவிருந்தது. சோம்பு கூடினால் கோதைக்குப் பிடிக்காது, தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவாள் என்பதும் நினைவிருந்தது. தொலைபேசி நிலையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிரங்கால் போட்டுக்கொடுத்த காலத்தில், தினமும் பம்பாய்க்குப் பேசிய வெங்காய மண்டிக்காரர் ஒருவர் 'ஹலோ' என்பதற்கு முன்னால் ஒரு கனைப்புக் கனைப்பார். மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம், அந்தக் கனைப்பு இன்னும் காதில் இருந்தது. ஞாபகசக்தியில் சௌந்தரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஊரான் கனைப்பையெல்லாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற இந்த மண்டைக்குள், பெற்ற மகளைப் பார்த்துத் தான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. இன்றைக்குப் பார்த்து அதுதான் வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கோதை வாசலில் வந்து நிற்பாள், அதைத்தான் கேட்பாள்.

நேற்றுச் சாயங்காலம் போன் வந்தபோது நம்பரைப் பார்த்ததுமே கோதைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷமாகப் பேசாத மகள். கல்யாணம் ஆனதையே யாரோ அனுப்பிய போட்டோவில்தான் பார்த்தாள், மாலையும் கழுத்துமாக, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பையன். "அம்மா, நான் கோதை" என்றாள், ஏதோ சௌந்தரத்துக்குக் குரல் தெரியாது என்பதுபோல. "எனக்கு அஞ்சாவது மாசம். அவங்க வீட்டுல அத்தை நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. இருந்தாலும் தலைப்பிரசவம் நம்ம வீட்டுல இருக்கட்டும்னு தோணுது. ஆனா ஒண்ணு. தம்பி காரியத்தன்னைக்கு என்னைப் பாத்து நீ ஒண்ணு சொன்னே. மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம்மா. இன்னதைத்தான் சொன்னேன்னு உன் வாயால ஒருதரம் சொல்லு. சொன்னியானா பையை உள்ள கொண்டாந்து வச்சிடுறேன். இல்லன்னா அவரு கீழ வண்டியிலயே இருப்பாரு, அப்படியே திரும்பிடுவேன்." அவ்வளவுதான் பேச்சு. வைத்த பிறகும் சௌந்தரம் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் ஒரு பக்கம், பேத்தியோ பேரனோ; அதற்குக் கீழே, கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் தரை தட்டுமே, அந்தச் சத்தம்.

ஏனென்றால் அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அதுதான் சங்கடமே. கண்ணை மூடினால் போதும், வரிசையாக வரும். கூடத்தில் வெயில் விழுந்திருக்கிறது. கோதை மஞ்சள் சுடிதாரில் நிற்கிறாள். சௌந்தரம் அவளைக் கட்டிக்கொண்டு, "நீ இருக்கியே, எனக்கு அதுவே போதும்டி" என்கிறாள். கோதை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். அவளுடைய பையைத் தம்பி மதி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போகிறான். பிறகு கோதை "போயிட்டு வரேன்மா" என்று சிரித்தபடி கிளம்புகிறாள். எத்தனை அழகான நாள். ஆனால் இந்த இடத்தில் அவளுக்குத் தட்டும், எப்போதும் இதே இடத்தில்தான் தட்டும்: காரியம் நடந்ததே மதிக்குத்தானே. விடிகாலை பஸ்ஸில் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அக்கா, மழை பெய்கிறது, ஆட்டோக்காரன் அநியாயத்துக்குக் கேட்கிறான், வந்து கூட்டிப்போடா என்று போன் செய்ய, பைக்கை எடுத்துக்கொண்டு போன மதி, வயலூர் ரோட்டில் மணல் லாரிக்கு அடியில் போய்விட்டானே. பதினாறாம் நாள் அவன் எப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவான்? சிரித்தபடி 'போயிட்டு வரேன்' சொன்ன பெண் மூன்று வருஷமாக ஏன் வரவில்லை? தட்டுகிறது என்று தெரிகிறது, ஆனால் படம் மாறமாட்டேன் என்கிறது. மாறாது. அவளே உட்கார்ந்து எழுதிய படம் அது.

மதி போன பிறகு சௌந்தரம் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சோறு தொண்டையில் இறங்காது. குளித்தாளா என்பதே தெரியாது. எதிர்வீட்டு ஜெசிந்தாதான் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து புகட்டினாள், அவள்தான் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுக்காத குறையாக, நல்லதையே நினைக்கக் கற்றுக்கொடுக்கிற அந்த வகுப்புக்குக் கூட்டிப்போனாள். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி மேசைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வகுப்பு எடுத்த கீர்த்தனா மேடம் நல்ல மாதிரி, அதைச் சொல்லத்தான் வேண்டும். காசுக்காகப் பேசுகிறவள் மாதிரி இல்லை, சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். ஆளுக்கு ஒரு நோட்டு, அட்டையில் மயில். ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்டு, இடது மணிக்கட்டில். கெட்ட நினைப்பு எட்டிப் பார்த்தால் பேண்டைச் சுண்டி இழுத்துவிட்டு 'கேன்சல்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோட்டில் 'இல்லை', 'வேண்டாம்', 'முடியவில்லை' வரக்கூடாது, மனசுக்கு அந்தச் சொற்கள் ஆகாதாம். சௌந்தரத்துக்கு இது புதிதாகவே படவில்லை. அரிசி தீர்ந்துபோனால் அவள் அம்மாவும் 'இல்லை' என்று சொன்னதில்லை, "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வாங்க" என்றுதான் சொல்வாள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவளுக்கு இந்த நோட்டு எழுத வருமா வராதா என்ன. 'நான் நிறைந்திருக்கிறேன்' என்று முதல் நாளே பக்கம் பக்கமாக எழுதினாள். எழுதிவிட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பதுபோல உள்ளே பார்த்தாள், கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நோட்டு இல்லாவிட்டால் அவள் இன்றைக்கு உருண்டை பிடித்துக்கொண்டு நிற்கமாட்டாள், சுவரில் போட்டோவாகத் தொங்கிக்கொண்டிருப்பாள்.

உருண்டைகள் கையில் ஒட்டின. எண்ணெயைத் தொட்டுக்கொண்டாள். அந்த வெயில் நாளை எழுதவைத்தது, வகுப்பில் மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ மேடம் சொன்ன பயிற்சிதான். "உங்களை ரொம்ப வதைக்கிற ஒரு நாளை எடுத்துக்குங்க. நடந்ததை ஒரு தாள்ல எழுதி எரிச்சிடுங்க. அப்புறம் அது எப்படி நடந்திருக்கணுமோ அப்படி நோட்டுல எழுதி, தினம் காலைல சத்தமாப் படிங்க. நிஜமா நடந்தது எது, எழுதினது எதுன்னு மனசுக்குத் தெரியாது. நீங்க குடுக்கிறதை அது வாங்கிக்கும்." எல்லோரும் அவரவர் நாளை எடுத்துக்கொண்டார்கள். லாரி ஏறிய நாளைத் தொட சௌந்தரத்துக்குத் தைரியம் வரவில்லை. அதைவிட அவளை அரித்தது பதினாறாம் நாள் மத்தியானம்தான், தான் சொன்னதுதான். ஆகவே அப்படியே எழுதினாள், ஒரே வரி. எழுதி, வாஷ்பேசினில் போட்டுக் கொளுத்தினாள். தாள் சுருண்டது, கறுப்பதற்கு முன் மசி ஒரு கணம் பளபளவென்று மின்னியது. அந்த மினுமினுப்பு நினைவிருக்கிறது. எழுத்து நினைவில்லை. பேசினில் பிடித்த கறுப்பு எத்தனை தேய்த்தும் போகவில்லை, இன்றைக்கும் இருக்கிறது, இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், ஏதோ அங்கே போய்க் குனிந்தால் வரி தெரியும் என்பதுபோல. கறைதான் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு மூடினாள்.

எரித்த பிறகு எழுதிய நாள் மட்டும் நாளுக்கு நாள் கொழுத்தது. முதலில் கோதையும் தானும் மட்டும்தான் இருந்தார்கள். கூடம் இருட்டாக இருக்கிறதே என்று வெயிலைச் சேர்த்தாள். கோதைக்கு மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று சுடிதாரைச் சேர்த்தாள். பிறகு, யார் கேட்கப் போகிறார்கள், பையைத் தூக்க மதியைச் சேர்த்தாள். காப்பிக்கு முன்னால் சத்தமாகப் படிக்கும்போது அந்த வரி வந்ததும் தொண்டையில் தேன் விட்டாற்போல் இருக்கும். போன ஐப்பசியிலோ என்னவோ, 'மதி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறான்' என்று படித்து முடித்த கையோடு உள்ளறையில் யாரோ பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. சர்ரென்று, ஒரே இழுப்பு. மதி அப்படித்தான் இழுப்பான், நாலு பைகளின் ஜிப்பை அப்படியே பிய்த்திருக்கிறான். அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. காப்பி ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பயந்தாளா என்றால் பயந்தாள். ஆனால் அதோடு சேர்ந்து, அடுத்த நாளும் அதே வரியைக் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் நிறுத்திப் படித்தாள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மிக்ஸியில் இன்னும் ஒரு கை பருப்பு மிச்சம். துவரம்பருப்பு போதாமல் போய்விட்டது, கடலைப்பருப்பை ஊறப்போட்டிருந்தாள், துவரைக்குப் பதிலாக. பதிலாக. அவள் கை நின்றது. பதிலா. இந்தச் சொல்லுக்கு ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? சாதாரணச் சொல், கடையில் சொல்கிற சொல், சீரகத்துக்குப் பதிலா சோம்பு, அவனுக்குப் பதிலா... அவனுக்குப் பதிலா என்ன? வந்துவிட்டது, நுனி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு லைன் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் வேறொரு லைன் குறுக்கே விழும், யாரோ யாரிடமோ தூரத்தில் பேசுவார்கள், மூச்சை அடக்கினால் ஓரிரண்டு சொல் பிடிக்கும். மூச்சை அடக்கினாள். வெயில் விழுந்த கூடத்துக்கு அடியில் இன்னொரு கூடம், இருட்டு, வாடிய இலை நாற்றம், ஒரு பொம்பளை கத்துகிறாள், குரல் யாருடையது என்று தெரிவதற்குள் பளீரென்று ரப்பர் பேண்டு மணிக்கட்டில் விழுந்தது. "கேன்சல்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சொல்லச் சொல்லவே, வேண்டாம் வேண்டாம் என்று மனசு கெஞ்சியது, கை கேட்கவில்லை. போய்விட்டது. வெயில், மஞ்சள் சுடிதார், நீ இருக்கியே எனக்கு அதுவே போதும்டி. மாவு ஒட்டிய ரப்பர் பேண்டைப் பார்த்தாள். முதல் தடவையாக அதன்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. கழற்றிக் குழாயின் கழுத்தில் மாட்டினாள். மணிக்கட்டில் வளையல் போட்டாற்போல் வெளுத்த தடம் ஒன்று இருந்தது.

மிக்ஸி சத்தம் கேட்டு ஜெசிந்தா வந்தாள், கதவு திறந்துதானே கிடக்கிறது. "என்னக்கா, மணக்குது? கோதை வருதா, நிஜமாவா?" என்று அடுப்பை எட்டிப் பார்த்தாள். சௌந்தரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், பருப்பு அப்பியது. "ஜெசிந்தா, நீ அன்னைக்கு இங்கதானே இருந்தே. எச்சில் இலையெல்லாம் எடுத்துக் குடுத்தியே. நான் அவளைப் பாத்து என்ன சொன்னேன்?" ஜெசிந்தா சிரிப்பை நிறுத்தினாள். "நல்ல நாளும் அதுவுமா எதுக்குக்கா அது? அதெல்லாம் எரிச்சாச்சு." "சொல்லுடி, எனக்கு வேணும். அவ கேப்பா." "வேண்டாம்க்கா" என்றபடி ஜெசிந்தா விரலைத் தன் மணிக்கட்டுக்குக் கொண்டுபோனாள், அவளும் பேண்டு போட்டிருந்தாள், பச்சை நிறம். சுண்டினாள். "நானும் அன்னைக்கே கேன்சல் பண்ணிட்டேன். மாதா மேல ஆணையா, இப்ப யோசிச்சுப் பாத்தா நீங்க கோதையைக் கட்டிக்கிட்டு அழுதீங்களே, அதுதான் ஞாபகம் வருது. மஞ்ச சுடிதார் போட்டிருந்துச்சு." சௌந்தரம் அவள் கையை விட்டுவிட்டாள். மஞ்சள் சுடிதாரை இவளுக்கு யார் சொன்னது? தினமும் காலையில் சத்தமாகப் படித்தது எதிர்வீடு வரைக்கும் போயிருக்கிறது. ஜெசிந்தா கறிவேப்பிலை ஒரு கொத்து எடுத்துக்கொண்டு, நல்லதையே நினைங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்லதையே நினைப்பது என்றால் இப்போது எதை நினைப்பது? ஏதாவது கெட்ட வாக்கியமாகப் பார்த்துச் சொல்லிவிடலாமா? 'நீ கூப்பிட்டுத்தான் அவன் போனான்' என்று சொன்னேனா? சொல்லியிருக்கலாம். 'என் மூஞ்சியில முழிக்காதே' என்றேனா? வாயில் போட்டுப் பார்த்தாள், இரண்டும் அடுத்த வீட்டுச் செருப்பு மாதிரி காலில் நிற்கவில்லை. தப்பான ஒன்றைச் சொன்னால் கோதைக்குத் தெரிந்துவிடும். மூன்று வருஷம் அந்த வாக்கியத்தை அவள்தானே சுமந்திருக்கிறாள். குழம்பு கொதித்தது. ஒவ்வொரு உருண்டையாக ஓரமாக இறக்கிவிட்டாள், உடையக்கூடாது, கரண்டி போடக்கூடாது. ஒன்றும் உடையவில்லை, எல்லாம் நினைவிருக்கிறது. வயிறு தள்ளிய கோதை இந்த அறைக்கும் அந்த அறைக்குமாக நடப்பதை நினைத்தாள், தைலம் காய்ச்சுவது, தொட்டில் கட்டுவது, கூடத்தில் கொக்கிகூட இருக்கிறது, மதிக்குப் போட்ட கொக்கி. ஆசையில் நெஞ்சு வலித்தது. ஒரே ஒரு வரி, அதைச் சொல்லிவிட்டால் இத்தனையும் உள்ளே வந்துவிடும். கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கோதை மெதுவாகத்தான் படியேறினாள், ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்குவது மேலே கேட்டது. வாசலில் வந்து நின்றாள். முகம் உப்பியிருந்தது, கன்னத்தில் ரத்தம் ஊறியிருந்தது. பச்சைக் காட்டன் புடவை. கையில் பை. நிலைப்படிக்கு வெளியிலேயே பையைப் பிடித்தபடி நின்றாள்.

"உள்ள வாடி முதல்ல. மூச்சு வாங்குது பாரு."

"வரேன்மா. நீ சொல்லு."

"பருப்பு உருண்டைக் குழம்பு வச்சிருக்கேன்."

"வாசனை கீழ வரைக்கும் வருது" என்றாள் கோதை, ஒரு நொடி கண் கலங்கியது. "சொல்லும்மா. எனக்குக் கோவமெல்லாம் போயிடுச்சு. தினம் அது காதுல கேக்குது, அவ்வளவுதான். நான் கற்பனை பண்ணிக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

சௌந்தரம் வாயைத் திறந்தாள். எங்கெங்கோ துழாவினாள். வெயில்தான் வந்தது. "நீ இருக்கியே, எனக்கு அதுவே போதும்டின்னு சொன்னேன்" என்றாள். "உன்னைக் கட்டிக்கிட்டுச் சொன்னேன். மதி உன் பையை எடுத்துட்டு உள்ள..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

கோதை நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்: "அம்மா, அவனுக்குப் பதிலா நீ போயிருக்கக் கூடாதான்னு சொன்னே. இதே இடத்துல நின்னுதான் சொன்னே."

அப்போது எல்லாம் வந்தது. வாடிய இலை, ஊதுவத்தி, மாலை போட்ட போட்டோவில் மதி, மஞ்சள் அல்ல, கசங்கின வெள்ளைச் சுடிதாரில் சுவரோரமாக ஒடுங்கி நின்ற கோதை, கத்திக்கொண்டிருந்த அந்தப் பொம்பளை. குரல் தன்னுடையது. எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்கிறாள், எத்தனை தெளிவு. ஆமாம். இதுதான். இதைத்தான் சொன்னேன் கண்ணே, ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி, அதற்கு உதடு பிரிந்தது. அதற்குள் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டது. அங்கே பேண்டு இல்லை. விரல் தோலைக் கிள்ளி இழுத்து விட்டது.

"கேன்சல்" என்றாள் சௌந்தரம்.

கோதை அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அதில் எதையோ தேடுகிறவள் மாதிரி, பிறகு தேடுவதை விட்டவள் மாதிரி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "போறேன்மா" என்றாள். இறங்கும்போது எந்த வளைவிலும் நிற்கவில்லை.

ஜெசிந்தா எதிர்க்கதவைத் திறந்தாள். "என்னக்கா, புள்ளத்தாச்சிப் பொண்ணு அழுதுக்கிட்டே இறங்குது?"

"சந்தோஷம் தாங்கலைடி அவளுக்கு" என்றாள் சௌந்தரம். அவள் முகம் குளித்துவிட்டு வந்ததுபோல் தெளிவாக இருந்தது. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, குழாயில் தொங்கிய பேண்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மயில் நோட்டைத் திறந்தாள். 'இன்று கோதை வந்தாள். முகம் பூரித்திருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். காரில் இருக்கிற மாப்பிள்ளையை வழியனுப்பப் போகிறாள், "போயிட்டு வரேன்மா" என்கிறாள். மதி அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறான்.' பேனாவை மூடிவிட்டு அதைச் சத்தமாக, கடைசி வரியில் கொஞ்சம் நிறுத்தி, படித்தாள். உள்ளறையில் கனமான பை ஒன்றைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது, யாரோ இரண்டு பேர் உட்கார்ந்தால் கிரீச்சிடுகிற மாதிரி. சௌந்தரம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று தட்டுகளைக் கழுவிக் கூடத்தில் வைத்தாள், ஒவ்வொன்றிலும் உருண்டை உடையாமல் குழம்பை ஊற்றினாள்.

"சாப்பிட வாங்க ரெண்டு பேரும், ஆறிடும்" என்று கூப்பிட்டாள்.